காணா வேலையின் அறம்: வால்வு விரியலாக்கியை முன்வைத்து ஒரு நோக்கு

1

ஒருவன் செய்யும் வேலையைப் பிறர் எவரும் காணப்போவதில்லை என்பது உறுதியாயின், அதனைச் செவ்வனே செய்யும் கடப்பாடு அவனுக்கு உண்டா? உண்டெனின், அக்கடப்பாடு யார்பாற்பட்டது? தொழிலறம் பற்றிய வினாக்களுள் இதுவே அடிப்படையானது எனலாம். மேற்பார்வையாளன் அருகில் நிற்க நேர்மையாகத் தொழில் செய்பவனை இயக்குவது நேர்மையா, அச்சமா என்று பிரித்தறிதல் எளிதன்று. கூலி, நற்பெயர், தண்டம் ஆகிய யாவும் நீங்கியவிடத்து எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே அவனது அறத்தின் அளவாகும்.

பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பாகத்தில், கிளாக்கன் என்னும் பாத்திரத்தின் வாயிலாக இவ்வினாவைக் கதையுருவில் எழுப்புகின்றார். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு, அணிந்தவனைப் பிறர் கண்ணினின்று மறைக்கும் மோதிரமொன்று கிடைக்கின்றது. அதன் துணையால் அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றுகின்றான். அத்தகைய மோதிரம் கிடைத்தால் நல்லவனும் தீயவனும் ஒரே வழியிலேயே செல்வர் என்பது கிளாக்கன் முன்வைக்கும் வாதம். அதற்கு விடை காணும் முயற்சியாகவே அந்நூலின் எஞ்சிய பகுதி விரிகின்றது.

மோதிரம் கற்பனை. ஆயின், திருகாணி முறுக்கி மூடப்பட்ட உலோகப் பெட்டி கற்பனையன்று. அதனுள்ளே ஒருவன் செய்து வைத்தது வெளியே தெரிவதில்லை. கையினாற் கம்பியிணைத்து வீட்டிலே கட்டப்படும் வால்வு விரியலாக்கி, அதாவது அம்பிளிபயர் எனப் பேச்சிலே வழங்குவது, இவ்வகைப் பெட்டிகளுள் ஒன்று. அதனைக் கட்டுதலும் அதன் பழுது காண்டலும் மேற்கூறிய வினாவுக்கு எத்தகைய விடையைத் தருகின்றன என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

திருகோணமலைத் துறைமுகப் பகுதி இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய இது 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியக் கீழைக் கடற்படைக்குத் தளமாய் உதவியது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 1957 இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே செய்தி கொண்டுசென்ற கருவிகளும், வானை நோக்கிய ராடர்க் கருவிகளும் போர்க்காலத்தில் வால்வுகளாலேயே இயங்கின. கடற்படைப் பட்டறையின் ஒழுங்கு கண்காணிப்பு ஒழுங்கு ஆகும். ஒருவன் செய்ததை மற்றொருவன் சோதிப்பான், சோதித்தவன் கையொப்பமிடுவான். ஆங்கே நல்ல வேலைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

வீட்டுமேசையில் நடப்பதோ வேறு. திருகோணமலை உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஒருவன் ஓய்வுப்பொழுதில் விரியலாக்கி ஒன்றைக் கட்டுகின்றான் எனக் கொள்க. அவனுக்கு மேற்பார்வையாளன் இல்லை, கூலி இல்லை, காலக்கெடு இல்லை. பாட்டுக் கேட்டால் வீட்டார் மகிழ்வர்; கேளாவிடின் சிறிது நகைப்பர். பெட்டியின் வயிற்றைத் திறந்து பார்ப்பவர் எவருமிலர்.

இத்தகைய வீட்டுத்தொழிலுக்கு நீண்ட மரபு உண்டு. இலங்கையின் ஒலிபரப்பே இவ்வகை முயற்சியிற் பிறந்தது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் 1923 இல் கொழும்பிலே பரிசோதனை ஒலிபரப்பை நடத்தினார். முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு அதற்கான பரப்பி ஆக்கப்பட்டது என்பது இலங்கை வானொலி வரலாற்றிற் பேசப்படும் செய்தி. 1925 டிசெம்பர் 16 இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. வீட்டிலே கட்டுவோர்க்கு வழிகாட்டிய வரைபடங்களும் வெளிவந்தன. டி. ரி. என். வில்லியம்சன் என்பவர் 1947 ஏப்பிரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட 15 வாற்று விரியலாக்கியின் அமைப்புப் பலநாட்டு ஆர்வலர்களாற் பின்பற்றப்பட்டது. 1954 இல் முல்லாட் நிறுவனம் ஈ.எல்.84 என்னும் வால்வுகள் இரண்டைக் கொண்ட 10 வாற்று அமைப்பொன்றை வெளியிட்டது. திரான்சிற்றரின் வருகையால் வால்வு பின்தள்ளப்பட்டபோதும் ஒழிந்துவிடவில்லை. ரஷ்யா, சிலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் அது இன்றும் ஆக்கப்படுகின்றது.

திருகோணமலையின் கடற்காற்று இத்தொழிலுக்கு மேலும் ஒரு பொருளைத் தருகின்றது. உப்பும் ஈரமும் கலந்த காற்று அரைகுறை வேலையை நெடுங்காலம் மறைத்து வைக்க விடுவதில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில், ஒருமுறை எரிந்த உறுப்புக்கு மாற்றுப் பெறுதல் இலங்கை முழுவதும் அரிதாயிருந்தது. பொருள் அரிதாகும்போது கவனம் வெறும் நற்பழக்கமாய் நில்லாது கடமையாகின்றது.

3

விரியலாக்கியின் அமைப்பினைச் சுருக்கமாக நோக்குதல் இன்றியமையாதது. வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குமிழினுள் சூடேறிய கதோட்டு இலத்திரன்களை வெளிவிடுகின்றது; உயர் நேரழுத்தத்திலுள்ள அனோட்டு அவற்றை ஈர்க்கின்றது; இடையிலுள்ள நெய்யரிக்கு ஊட்டப்படும் சிறு அழுத்தமாற்றம் அப்பெருக்கைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கின்றது. சிறியது பெரியதை ஆளும் இந்நிகழ்ச்சியே விரியலாக்கம். ஈ.எல்.84 வால்வு ஒன்றனைக் கொண்ட எளிய அமைப்பு ஏறத்தாழ 5 வாற்று வலுவைத் தரும். வால்வின் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ற்றும், அனோட்டுக்கு 250 வோல்ற்றளவும் வேண்டும். தடையிகளும், கண்டென்சர் எனப் பட்டறைகளில் வழங்கும் கொள்ளளவிகளும், நிலைமாற்றிகளும் ஓர் உலோக அடித்தட்டின் மீதும் கீழும் பொருத்தப்பட்டு, ஒவ்வொரு முனையும் மற்றொன்றுடன் ஈயப்பற்று வைத்துக் கையால் இணைக்கப்படுகின்றது. அச்சிட்ட சுற்றுப்பலகை இல்லை. ஆதலின் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனித் தீர்மானம்.

இவ்விணைப்புகளுள் நல்லதும் தீயதும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பதே அறவியல் நோக்கிற் கருதத்தக்கது. கம்பியும் முனையும் போதிய அளவு சூடேறியபின் ஈயத்தை ஊட்டினால், அது உருகிப் பரவி இரண்டையும் கவ்வும். சூடேறாத உலோகத்தின்மீது உருகிய ஈயத்தைச் சொட்ட விட்டால், அது மேலே குந்தியிருக்குமேயன்றிப் பற்றாது. 'டிறை சோல்டர்' எனத் திருத்துநர் கூறும் பழுது இதுவே. கட்டிய அன்று இரண்டும் மின்னைக் கடத்தும். மல்ரிமீற்றர் இரண்டையும் சரியெனக் காட்டும். சில திங்கள் கழிந்து, வால்வின் வெப்பத்தால் உலோகம் விரிந்து சுருங்கியும், உப்புக்காற்று இடைவெளியிற் புகுந்தும் இணைப்புத் தளர்கின்றது. பாட்டு வரும், போகும், பெட்டியைத் தட்டினால் மீண்டும் வரும். வேலை செய்த நாளுக்கும் பழுது தோன்றிய நாளுக்கும் இடையிலான இத்தொலைவே பொறுப்பின்மைக்குப் புகலிடம். செய்தவன் அதற்குள் மறந்திருப்பான். பழி கடற்காற்றின்மேற் சுமத்தப்படும்.

4

கட்டுதலினும் பழுது காண்டல் ஆழ்ந்த அறச்சோதனையாகும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயையும் அதன் மூலத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து செயற்படுமாறு மருத்துவனுக்கு அறிவுறுத்துகின்றது. அம்முறை கருவியின் பழுதுக்கும் பொருந்தும். ஓர் எடுத்துக்காட்டு போதுமானது. விரியலாக்கி இரைகின்றது எனின், இரைச்சலின் சுருதியே அதன் மூலத்தைச் சுட்டும். வினாடிக்கு 50 சுற்றுக் கொண்ட தாழ்ந்த முரல்வு, சூடாக்கும் இழைக்குச் செல்லும் கம்பிகள் முறுக்கப்படாமலோ நெய்யரிக் கம்பிக்கு அருகிலோ செல்வதைப் பெரும்பாலும் குறிக்கும். 100 சுற்றுக் கொண்ட, ஒரு தானம் உயர்ந்த முரல்வு, முழு அலையாகச் சீராக்கிய மின்னைச் செம்மையாக்கும் கொள்ளளவி வலுவிழந்ததைப் பெரும்பாலும் காட்டும். கேட்கத் தெரிந்தவனுக்குக் கருவி தன் குறையைத் தானே கூறுகின்றது.

மற்றொரு பழுது இதனினும் ஆழமானது. வெளியீட்டு வால்வின் அனோட்டு சிவந்து கனல்கின்றது. காண்பவன் வால்வு கெட்டதென எண்ணிப் புதியதொன்றைப் பொருத்துகின்றான். சில நிமிடங்களில் அதுவும் சிவக்கின்றது. உண்மையில் வால்வு குற்றமற்றது. முன்நிலையிலிருந்து வால்வின் நெய்யரிக்கு ஒலியை மட்டும் கடத்த வேண்டிய சிறிய கொள்ளளவி, தன் காவலிற் சோர்ந்து நேரோட்டத்தையும் கசிய விடுகின்றது. ஏறத்தாழச் சுழியாக இருக்கவேண்டிய நெய்யரியில் நேரழுத்தம் ஏறுகின்றது, தடுப்பு நீங்கியதால் வால்வினுள் ஓட்டம் மிகுகின்றது, வால்வு எரிகின்றது. கதோட்டில் 7 வோல்ற்றளவு நிற்கவேண்டிய இடத்தில் அது கணிசமாக உயர்ந்திருத்தலை மல்ரிமீற்றர் கூறும். ஆயின் அளக்க வேண்டும் என்னும் எண்ணம் முதலில் எழ வேண்டும். கசிகின்ற கொள்ளளவி பார்வைக்கு அமைதியாகவும் குளிர்ந்தும் இருக்கும். துன்புறும் வால்வோ எல்லார் கண்ணிலும் படும்.

துன்பத்தை வெளிக்காட்டுபவனையே குற்றவாளியெனக் கொள்ளுதல் கருவிகளோடு நின்றுவிடும் பிழையன்று. குடும்பத்திலும் வகுப்பறையிலும் நாட்டிலும் கனல்பவன் தண்டிக்கப்படுகின்றான். கசிய விட்டவன் அமைதியின் பெயராற் காக்கப்படுகின்றான். விரைந்து தீர்ப்பளித்தல் அறிவுக்குறை மட்டுமன்று, நீதிக்குறையும் ஆகும் என்பதை இச்சிறு பழுது தெளிவாக்குகின்றது.

உருகியின் நிலையும் இத்தகையதே. ஓட்டம் அளவு மீறும்போது தான் உருகி மற்றவற்றைக் காக்கும் மெல்லிய கம்பி அது. அது மீண்டும் மீண்டும் உருகினால், அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியொன்றைச் சுற்றிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. அன்றைய பாட்டு அதனால் நின்றுவிடாது. ஆனால் அங்கே நடந்தது திருத்தமன்று. சாட்சியை வாய்மூடச் செய்தல். பின்னர் எரிவது நிலைமாற்றியாகவோ வீடாகவோ இருக்கலாம். குறையைச் சுட்டும் குரலையே குறையெனக் கொண்டு நீக்கும் மனப்பாங்கு இங்கே தன் உண்மை வடிவைக் காட்டுகின்றது.

5

எனினும், இதுவரை கூறியவை விவேகத்தின் பாற்பட்டவை என ஒருவர் வாதிக்கலாம். தளர்ந்த இணைப்பும் தவறான தீர்ப்பும் இறுதியிற் கட்டியவனுக்கே இழப்பைத் தருவன. ஆதலின் அவன் கவனமாயிருத்தல் தன்னலமேயன்றி அறமன்று என்பது அவ்வாதம். இதற்கு விடை, விரியலாக்கியின் உறுப்புகளுள் மிகச் சிறிய ஒன்றில் உள்ளது.

மின்வழங்கலைச் செம்மையாக்கும் பெரிய கொள்ளளவி, ஆளியை அணைத்தபின்னும் தன் மின்னேற்றத்தை வைத்திருக்கும். விளக்கு அணைந்து, வால்வுகள் குளிர்ந்து, செருகி சுவரினின்று கழற்றப்பட்ட பின்னரும், அதனுள் 300 வோல்ற்று உறங்கிக் கிடக்கலாம். அடுத்த நாள் பெட்டியைத் திறப்பவனின் உயிரைப் பறிக்க அது போதும். இதற்குப் பரிகாரம் எளிது. அக்கொள்ளளவியின் குறுக்கே 220 கிலோ ஓம் தடையி ஒன்றை இணைத்துவிட்டால், மின்னேற்றம் அதன்வழி மெல்ல வடிந்துவிடும். கொள்ளளவி 50 மைக்குரோபரட்டு எனின், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் 300 வோல்ற்று இரண்டளவுக்கு இறங்கும். கருவி இயங்கும்போது அத்தடையி அரை வாற்றிலும் குறைந்த வலுவையே விரயமாக்கும்.

இத்தடையி இசைக்கு எதனையும் சேர்ப்பதில்லை. அதனை நீக்கினாலும் பாட்டு ஒரு சிறிதும் மாறாது. கட்டியவனுக்கும் அது பெரிதும் தேவையன்று. பெட்டியின் ஆபத்தை அவன் அறிவான், கை வைக்குமுன் மின்னேற்றத்தை இறக்கிவிடுவான். அவ்வாறாயின் அது யாருக்காக? அவன் இறந்தபின் அப்பெட்டியைத் திறக்கும் ஒருவனுக்காக. தந்தையின் கருவியை ஆர்வத்தாற் கழற்றிப் பார்க்கும் சிறுவனுக்காக. பழைய சாமான் கடையில் அதனை வாங்கும் யாரோ ஒருவனுக்காக. அவர்கள் நன்றி கூறப்போவதில்லை. தமக்கு எதுவும் நேரவில்லை என்பதைத் தவிர வேறெதனையும் அவர்கள் அறியப்போவதில்லை. உலோக அடித்தட்டை நிலத்தொடுப்புடன் உறுதியாக இணைத்தலும் இத்தகைய செயலே. எவனுக்கும் நேராத மின்னதிர்ச்சிக்கு எவனும் சாட்சி கூறுவதில்லை.

இவ்விடத்தில் கிளாக்கனின் வினாவே பிழையாக அமைந்தது என்பது புலனாகின்றது. மோதிரம் அணிந்த இடையன் கேட்பது, என்னைக் காண்பவர் யார் என்பதே. அறம் அவ்வினாவிலிருந்து தொடங்குவதில்லை. நான் காணாதவர் யார் என்னும் வினாவிலிருந்தே அது தொடங்குகின்றது. பெட்டியினுள் வேலை செய்பவன் பிறர் கண்ணுக்கு மறைந்திருக்கின்றான் என்பது உண்மை. அவன் செயலால் வாழப்போகும் அல்லது மாளப்போகும் மனிதனும் அவன் கண்ணுக்கு மறைந்திருக்கின்றான் என்பது அதனினும் பெரிய உண்மை. மறைவு இருபுறமும் உள்ளது. தன் மறைவை வாய்ப்பாகக் கொள்பவன் இடையன். மற்றவனின் மறைவைப் பொறுப்பாகக் கொள்பவன் தொழிலாளன்.

கூலிக்குத் திருத்துபவனிடத்து இப்பொறுப்பு இன்னும் வெளிப்படையானது. அயலவர் தம் வானொலியைக் கொணர்ந்து வைத்துவிட்டுப் போகின்றனர். மாற்றியதாகக் கூறப்படும் உறுப்பு உண்மையில் மாற்றப்பட்டதா என அவர்கள் அறியார். அறியும் வழியும் அவர்களுக்கில்லை. அறியாமை மிக்கவனுக்கும் அறிவு மிக்கவனுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலில், விலையை உறுதிப்படுத்துவது சந்தையன்று, அறிந்தவனின் மனச்சான்று. மருத்துவர், ஆசிரியர், வழக்குரைஞர், பொறியியலாளர் ஆகிய பல்கலைக்கழகப் பட்டதாரிகள் யாவரும் நிற்பது இதே நிலையிலாகும்.

6

இம்முடிவுக்கு எதிராக இரு தடைகள் கூறப்படலாம். முதலாவது, அரிஸ்டோட்டில் 'நிக்கோமாக்கிய அறவியல்' ஆறாம் பாகத்தில் ஆக்கத்திறனையும் நடைமுறை விவேகத்தையும் வேறுபடுத்தியமை. அறிந்தே பிழை செய்யும் கலைஞன் அறியாது செய்பவனினும் மேலானவன். விவேகத்திலும் ஒழுக்கத்திலுமோ அறிந்தே பிழை செய்தல் தாழ்ந்தது என்பது அவர் கருத்து. ஆதலின் திறனை ஒழுக்கத்தோடு சேர்த்தெண்ணலாகாது எனக் கூறலாம். இவ்வேறுபாடு உண்மையானதே. ஆயின் ஆக்கப்பட்ட பொருளைப் பிறனொருவன் தொடப்போகின்றான் என்ற கணமே இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. மின்னேற்றத்தை வடிக்கும் தடையியை அறிந்தே விட்டவன் திறனிற் குறைந்தவனல்லன். அத்திறனே அவன் குற்றத்தை மிகுவிக்கின்றது.

இரண்டாவது தடை இதனினும் கனமானது. செம்மையான வேலை தீய நோக்கத்துக்கும் பயன்படும். 1942 இல் திருகோணமலைமீது பறந்த விமானங்களையும் திறமையாளரே கட்டினர். அவற்றை எதிர்த்த பீரங்கிகளையும் திறமையாளரே கட்டினர். கப்பல்களை மூழ்கடித்த நீர்மூழ்கியின் வானொலி உறுப்பு, கொழும்பில் இசையைப் பரப்பியது. நீர்மூழ்கியில் அதனைப் பொருத்தியவனின் பற்றாசு நன்றாகவே இருந்திருக்க வேண்டும். எனவே கைத்திறனின் நேர்மை, செயலின் நோக்கத்தைத் தூய்மையாக்காது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். தன் மேசையில் நேர்மையாளனாகவும், தன் வேலை எங்குச் செல்கின்றதெனக் கேளாதவனாகவும் ஒருவன் வாழ்தல் கூடும். அவ்வாறு வாழ்ந்தோரை இருபதாம் நூற்றாண்டு மிகுதியாகக் கண்டது.

ஆனால் இத்தடை மேற்கூறிய கொள்கையை வீழ்த்தவில்லை. அதன் எல்லையை விரிக்கின்றது. காணாத மனிதனை எண்ணிப் பார்த்தலே தொழிலறம் எனின், அவ்வெண்ணம் பெட்டியைத் திறப்பவனோடு நின்றுவிடலாகாது. அப்பெட்டியின் குரல் எவரைச் சென்றடைகின்றது, எவரை அச்சுறுத்துகின்றது என்பதுவரை அது செல்ல வேண்டும். கோயில் முற்றத்தில் ஒலிக்கும் விரியலாக்கியும் கலவரத்தைத் தூண்டும் பேச்சை ஒலிபரப்பும் விரியலாக்கியும் ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்டவையே. பற்றாசு நன்றாயிருத்தல் அறத்தின் முடிவன்று; தொடக்கம். ஆயின் அத்தொடக்கமின்றி உயர்ந்த நோக்கங்களும் பயன்தருவதில்லை. நல்லெண்ணத்தோடு தளர்வாக இணைக்கப்பட்ட கம்பியும் தளர்ந்த கம்பியே.

ஆகவே, காணா வேலையைச் செவ்வனே செய்யும் கடப்பாடு யார்பாற்பட்டது என்னும் வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். அது மேற்பார்வையாளன்பாற்பட்டதன்று, அவன் இல்லாவிடத்தும் அது நிலைபெறுகின்றது. தன்பாற்பட்டது மட்டும் அன்று; தனக்குப் பயனற்ற சிறு தடையியையும் அது வேண்டி நிற்கின்றது. ஒருநாள் மூடியைக் கழற்றிக் கை நீட்டப்போகும், பெயரும் முகமும் அறியப்படாத ஒருவனுக்கே அக்கடன் உரியது. அவன் எவன் என அறியாமலேயே அவனுக்காகச் செலவிடப்படும் அரை வாற்றில், மனிதன் மனிதனுக்குச் செய்யும் கடமை முழுமையாக அடங்கியுள்ளது.